சின்ன மோட்டார்ஹோம்: எத்தனை மீட்டர் போதும், பின்னால் காரைக் கட்டி இழுக்கலாமா?

மோட்டார்ஹோம் பற்றிப் பேச்செடுத்தால் கம்பம், குமுளி பக்கத்து ஆட்கள் முதலில் விலையைக் கேட்பார்கள், அடுத்து எத்தனை பேர் படுக்கலாம் என்று கேட்பார்கள். இப்போது கொஞ்ச நாளாக மூன்றாவதாக ஒரு கேள்வியும் வருகிறது, பெரும்பாலும் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் வீடுகளிலிருந்து. அங்கே பெரிய வண்டிக்குப் பின்னால் ஒரு காரையும் கோர்த்து இழுத்துக்கொண்டு போகிறார்களே, அது எதற்கு? நாமும் செய்தால் என்ன? "அண்ணே, ஆல்டோதானே, ஒரு கம்பியைப் போட்டு இழுத்துட்டுப் போயிடலாம்ல?" என்று ஒரு தம்பி என்னிடம் நேராகவே கேட்டார். முடியாது தம்பி என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் ஏன் முடியாது என்பதிலும், அவர்கள் ஏன் இழுக்கிறார்கள் என்பதிலும்தான் விஷயமே இருக்கிறது. அது புரிந்துவிட்டால் எந்த அளவு வண்டி வேண்டும் என்பதும் தானாகவே புரிந்துவிடும்.

முதலில் எந்த வண்டியைப் பற்றிப் பேசுகிறோம் என்று பார்த்துவிடுவோம். எஞ்சினும் வீடும் ஒரே உடம்பில் இருந்தால் அது மோட்டார்ஹோம். எஞ்சின் இல்லாத பெட்டியை இன்னொரு வண்டி இழுத்துப் போனால் அது டிரெய்லர். நம் ஊரில் இரண்டையுமே கேரவன் என்றுதான் சொல்கிறோம். 2021-ல் கேரள அரசு 'கேரவன் கேரளா' என்று ஒரு சுற்றுலாத் திட்டம் கொண்டுவந்து, அடுத்த ஆண்டு வாகமண்ணில் முதல் கேரவன் பூங்காவையும் திறந்த பிறகு அந்தப் பெயர் இன்னும் ஆழமாக ஊன்றிவிட்டது. இங்கே நான் பேசப்போவது எஞ்சினோடு இருக்கும் வகை, அதிலும் சின்னது.

அமெரிக்காவில் இவற்றை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். ஏ வகை கிட்டத்தட்ட ஒரு பஸ். சி வகையில் வேன் அல்லது லாரியின் முன்பாதியை வைத்துக்கொண்டு பின்னால் புதிதாகப் பெட்டி கட்டியிருப்பார்கள், ஓட்டுநர் தலைக்கு மேல் ஒரு படுக்கை துருத்திக்கொண்டு நிற்கும். பி வகை என்பது வேனின் இரும்புக் கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே மட்டும் வீடாக்கியது. மூன்றில் சின்னது பி தான். (ஏ பெரிது, பி சின்னது, சி நடுவில். யார் இந்த வரிசையை வைத்தார்களோ!) சின்ன மோட்டார்ஹோம் என்றால் பெரும்பாலும் இந்த பி வகை, அதோடு சி வகையில் குட்டையானவை.

பி வகையின் நீளத்தைத் தீர்மானிப்பது வீடு கட்டுகிறவர் இல்லை, வேன் செய்கிற கம்பெனி. ஐரோப்பாவில் அதிகம் பயன்படும் ஃபியட் டுக்காட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வீடாக மாற்ற எடுப்பது பெரும்பாலும் 5.41 மீட்டர், 5.99 மீட்டர், 6.36 மீட்டர் என்ற மூன்று நீளங்கள். அங்கே பல மாடல்களின் பெயரிலேயே 540, 600, 640 என்று எண் ஒட்டியிருப்பது இதனால்தான். அமெரிக்காவில் ராம் புரோமாஸ்டர் என்று விற்பதும் இதே வேனின் உறவுதான், அதன் நீளமான வகை 21 அடிக்கு ஒரு அங்குலம் குறைவு. மெர்சிடிஸ் ஸ்பிரின்டர் என்றால் 5.93 மீட்டரில் ஒன்று, கிட்டத்தட்ட 7 மீட்டரில் ஒன்று, 7.37 மீட்டரில் ஒன்று. நம் நாட்டில் ஃபோர்ஸ் அர்பேனியாவின் நீளமான வகை ஏறக்குறைய 7 மீட்டர். சின்னதிலும் சின்னது வேண்டுமென்றால் பழைய ஆம்னி இருக்கிறது, நீளம் 3.37 மீட்டர், அகலம் 1.41 மீட்டர். ஜப்பானில் கிட்டத்தட்ட இதே அளவுள்ள, கெய் என்று அங்கே சொல்கிற குட்டி வேன்களில்தான் இரண்டு பேர் படுத்துத் தூங்கும் கேம்பர்களைச் செய்கிறார்கள், நம் ஆம்னியே அந்த வம்சத்தில் வந்த வண்டிதான்.

நீளத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது, அகலம்தான் உள்ளே வாழ்கிற விதத்தைத் தீர்மானிக்கிறது. டுக்காட்டோவின் அகலம் 2.05 மீட்டர். வெப்பத்தைத் தடுக்கிற பஞ்சு, பலகை எல்லாம் உள்ளே அடித்த பிறகும் ஆறடி ஆள் குறுக்கே படுக்கலாம், கொஞ்சம் இடிக்கும், ஆனாலும் படுக்கலாம். படுக்கை குறுக்கே போய்விட்டால் வண்டியின் நீளத்தில் அது ஒன்றரை மீட்டருக்குள் அடங்கிவிடும், மிச்ச இடத்தில் சமையல் மேடை, கழிப்பறை, உட்கார நாலு இருக்கை எல்லாம் வரும். ஆம்னியில் குறுக்கே படுக்க வழியே இல்லை, நீளவாக்கில்தான் படுக்க வேண்டும், படுத்துவிட்டால் வீடு முழுக்கப் படுக்கைதான். 5.41 மீட்டரிலிருந்து 5.99 மீட்டருக்குப் போகும்போது கிடைக்கிற 58 சென்டிமீட்டர், காகிதத்தில் ஒன்றுமில்லாததுபோலத் தெரியும், ஆனால் சமையல் மேடையில் அடுப்புக்குப் பக்கத்தில் காய் நறுக்க இடம் இருக்கிறதா இல்லையா என்பது அந்த 58-ல்தான் இருக்கிறது. 6.36-க்குப் போனால் படுக்கையை நீளவாக்கில் இரண்டாகப் போட்டுக்கொள்ளலாம். நடுராத்திரியில் ஒருவர் எழுந்திருக்க இன்னொருவரைத் தாண்டிக் குதிக்க வேண்டாம். ஐம்பதைக் கடந்த தம்பதிகள் இதை முதலில் கவனிக்க வேண்டும் என்பேன்.

அடுத்தது திரும்புவது. இங்கே நிறையப் பேருக்குத் தெரியாத ஒன்று உண்டு. 5.99 மீட்டர் டுக்காட்டோவுக்கும் 6.36 மீட்டர் டுக்காட்டோவுக்கும் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம் ஒன்றேதான், 4.035 மீட்டர். கூடுதலான 37 சென்டிமீட்டரும் பின் சக்கரத்துக்குப் பின்னால் வாலாகத்தான் நீள்கிறது. அதனால் இரண்டும் ஒரே வட்டத்தில்தான் திரும்பும். ஆனால் நீளமானதன் வால், வலதுபக்கம் ஒடித்தால் இடதுபக்கமாக இன்னும் கொஞ்சம் அதிகமாக வீசும். லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவில் இந்த வால் வீச்சு எதிரில் வருகிற பைக்காரரின் முழங்காலுக்கு எவ்வளவு பக்கத்தில் போகிறது என்று ஒரு தடவை கண்ணாடியில் பார்த்தால் போதும், நீளத்து மேல் இருக்கிற ஆசை கொஞ்சம் இறங்கும். மலைப்பாதை நம் வாசலிலேயே இருப்பதால் சொல்கிறேன், இந்தப் பக்கம் குடும்பம் நடத்த 6 மீட்டர் போதும். 7 மீட்டர் பஸ் இதே வளைவுகளில் தினமும் போகிறதே என்று கேட்கலாம். போகிறது, ஓட்டுகிறவருக்கு அதுதான் வேலை.

எடை விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் கார் இழுக்கும் கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு வண்டிக்கும் ஆள், சாமான், தண்ணீர் எல்லாம் சேர்த்து இவ்வளவுதான் இருக்கலாம் என்று ஒரு மொத்த எடை உண்டு. ஐரோப்பாவில் சாதாரண கார் லைசென்ஸில் 3,500 கிலோ வரைதான் ஓட்டலாம் என்று வெகுகாலமாக இருந்துவருவதால் அங்கத்திய சின்ன மோட்டார்ஹோம்கள் எல்லாம் அந்த எண்ணுக்குள் தம் கட்டிக்கொண்டு நிற்கும். அந்த எடை எப்படிக் கரைகிறது என்று பாருங்கள். நூறு லிட்டர் தண்ணீர் நூறு கிலோ. வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கிற மாதிரி பெரிய பேட்டரி ஒன்றே 50 கிலோவுக்கு மேல். வீட்டு கேஸ் சிலிண்டர் நிறைந்திருந்தால் 30 கிலோ. அதற்கு மேல் நான்கு ஆள், துணிமணி, அரிசி, குக்கர், மாமியார் கொடுத்தனுப்பிய ஊறுகாய் ஜாடி. வண்டி கிளம்பும்போதே வரம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கும்.

இழுக்கிற வண்டி என்றால் இன்னொரு எண்ணும் உண்டு, இழுப்பதும் இழுபடுவதும் சேர்த்து எவ்வளவு என்கிற கூட்டு எடை வரம்பு. பின்னால் இருக்கிற கொக்கியில் 3,500 பவுண்டு என்று எழுதியிருக்கும், அதைப் பார்த்து நம்பிவிடுவார்கள். அமெரிக்க வேன் ஒன்றில் மொத்த எடை 9,350 பவுண்டு, கூட்டு எடை வரம்பு 11,500 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை வரம்பு வரை நிரப்பிவிட்டால் பின்னால் இழுக்க மிச்சம் இருப்பது 2,150 பவுண்டுதான், ஏறத்தாழ 975 கிலோ. கொக்கி தாங்கும், ஆனால் எஞ்சினும் கியர்பாக்ஸும் பிரேக்கும் தாங்காது. 975 கிலோவுக்குள் ஆல்டோ வரும். அமெரிக்காவில் ஆல்டோ கிடைக்காது. அங்கே சாதாரணமாக ஓடும் கார்களே 1,300, 1,500 கிலோ என்று நிற்கின்றன. ஆகவே சின்ன மோட்டார்ஹோம் வைத்திருப்பவர் கார் இழுக்க ஆசைப்பட்டால், சாமானைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் பெரிய வண்டிக்குப் போக வேண்டும். காருக்காக வண்டியைப் பெரிதாக்கி, பெரிய வண்டியை நிறுத்த இடமில்லை என்று காரைத் தேடுகிற சுற்று இப்படித்தான் தொடங்குகிறது.

இழுப்பதில் மூன்று வகை உண்டு. காரை முழுதாக ஒரு டிரெய்லர் மேல் ஏற்றுவது ஒன்று. முன் சக்கரம் இரண்டை மட்டும் ஒரு சின்ன இருசக்கரத் தள்ளுவண்டியில் ஏற்றுவது இன்னொன்று, அதை டாலி என்பார்கள். நான்கு சக்கரமும் ரோட்டிலேயே உருள, முன்பக்கத்தில் ஒரு முக்கோணக் கம்பியைக் கோர்த்து இழுப்பது மூன்றாவது. படங்களில் அதிகம் பார்ப்பது இந்த மூன்றாவதைத்தான், செலவும் சுமையும் குறைவு. ஆனால் எல்லாக் காரையும் இப்படி உருட்ட முடியாது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பலவற்றில் எஞ்சின் ஓடினால்தான் உள்ளே எண்ணெய் சுற்றும். எஞ்சின் நிற்க, சக்கரம் மட்டும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சுற்றினால் உள்ளே காய்ந்து போய்த் தேய்ந்துவிடும். ஹோண்டா சிஆர்-வி அமெரிக்காவில் 2014 மாடல் வரை இதற்குப் பெயர்போன கார். அடுத்த வருடம் கியர்பாக்ஸை, தனித்தனி கியர்களே இல்லாத சிவிடி என்ற வகைக்கு மாற்றியதும் அந்தப் பட்டியலிலிருந்து விழுந்துவிட்டது. ஜீப் ராங்ளர் இன்னும் இருக்கிறது, அதில் இழுவையை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலில் போட்டுவிட்டால் கியர்பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே அறுந்துவிடும்.

அப்புறம் பிரேக். பின்னால் வருகிற காருக்குத் தனியாகப் பிரேக் பிடிக்கிற கருவி வேண்டும், அமெரிக்காவில் குறிப்பிட்ட எடைக்கு மேல் போனால் பல மாநிலங்களில் அது சட்டக் கட்டாயம். பிரிட்டனில் இப்படிக் கோர்த்த காரை டிரெய்லராகவே கணக்கில் எடுப்பார்கள், 750 கிலோவுக்கு மேல் என்றால் பிரேக் இருந்தே ஆக வேண்டும். விளக்குக்கு ஒயர் இழுக்க வேண்டும், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாமல் பார்க்க வேண்டும், ராத்திரி போய்ச் சேர்ந்தபோது காரின் பேட்டரி காலியாகாமல் இருக்க வேண்டும்.

இதெல்லாம் கூடச் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது ரிவர்ஸ். நான்கு சக்கரமும் தரையில் இருக்கிற காரைப் பின்னால் தள்ளினால் அதன் முன் சக்கரங்கள் நேராக நிற்காது, ஏதாவது ஒரு பக்கமாக முழுதாக ஒடிந்துகொள்ளும், டயர் தேய்ந்து இழுபடும், கம்பி வளையும். பின்னால் எடுக்க வேண்டுமானால் இறங்கிப் போய்க் கழற்றி, காரைத் தனியாக ஒருவர் ஓட்டி, மோட்டார்ஹோமைத் தனியாக ஒருவர் எடுத்து, அப்புறம் மறுபடியும் கோர்க்க வேண்டும். அமெரிக்கச் சமவெளியில் இது ஒரு தொந்தரவு, அவ்வளவுதான், முன்யோசனையோடு போனால் ரிவர்ஸே தேவைப்படாது. குமுளி மலைப்பாதையில் நினைத்துப் பாருங்கள். நீங்கள் இறங்குகிறீர்கள், எதிரில் அரசு பஸ் ஏறி வருகிறது, வளைவில் இரண்டுக்கும் இடமில்லை. மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை, சட்டமும் அதுதான், வழக்கமும் அதுதான். நீங்கள்தான் பின்னால் எடுக்க வேண்டும். உங்களால் எடுக்க முடியாது. சபரிமலை சீசனில் போகிற வண்டிகளையெல்லாம் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிட்டு, வருகிறவற்றைக் குமுளி வழியாக இறக்கியும் நெரிசல் தீராத பாதை இது. அங்கே நடுவளைவில் நின்று நீங்கள் காரைக் கழற்றிக்கொண்டிருந்தால், பஸ்ஸுக்குள் இருந்து வருகிற வசவு தமிழிலும் மலையாளத்திலும் சமமாக இருக்கும்.

சரி, ரிவர்ஸை விடுங்கள், சட்டத்துக்கு வருவோம். இந்தியாவில் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் 2017-ன்படி, ஒரு வண்டி இன்னொரு வண்டியை இழுப்பது பொதுவாக மூன்றுக்குத்தான்: பழுதாகி நின்ற வண்டி, முழுதாகக் கட்டி முடிக்காத வண்டி, முறையாகப் பதிவான டிரெய்லர் அல்லது சைடுகார். நல்லபடி ஓடுகிற ஆல்டோ இந்த மூன்றிலும் சேராது. பழுதான வண்டியை இழுத்தாலும் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது, இடைவெளி 5 மீட்டருக்குள் இருக்க வேண்டும், இழுபடுகிற வண்டியின் ஸ்டியரிங்கில் லைசென்ஸ் உள்ள ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதன் முன் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கிக் கட்டியிருக்க வேண்டும். ஆகவே கம்பம்–வாகமண் பயணத்துக்குப் பின்னால் கார் கட்டுவது இங்கே பேச்சுக்கே இடமில்லாத விஷயம். கேரள மோட்டார் வாகனத் துறைக்காரர்கள் மாற்றியமைத்த வண்டி என்றால் எப்படி உற்றுப் பார்ப்பார்கள் என்று இந்த எல்லையில் வண்டி ஓட்டுகிற எவரைக் கேட்டாலும் சொல்வார். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்திலிருந்து மாறும்படி வண்டியின் கட்டமைப்பை மாற்றக் கூடாது என்று தீர்ப்பு சொன்னதும் கேரளத்திலிருந்து போன வழக்கில்தான். மோட்டார் கேரவனுக்கென்றே ஏஐஎஸ்-124 என்று தனி விதித் தொகுப்பு இருக்கிறது, வண்டி வாங்குகிறவர் அதன்படி ஒப்புதல் பெற்றதுதானா, பதிவுப் புத்தகத்தில் கேரவன் என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பது நல்லது.

இப்போது அவர்கள் ஏன் இழுக்கிறார்கள் என்ற கேள்வி. அமெரிக்காவின் மேற்குப் பக்கத் தேசியப் பூங்காக்களில் முகாம் போட்டுவிட்டால் பால் வாங்கப் பல மைல் போக வேண்டும். ஆட்டோ கிடையாது, டவுன்பஸ் கிடையாது. வீட்டையே கிளப்பிக்கொண்டு போவதென்றால் மின்சார ஒயரைக் கழற்றி, கழிவுநீர்க் குழாயைக் கழற்றி, அலமாரியெல்லாம் பூட்டி, வெளியில் விரித்த கூரையைச் சுருட்டி வைத்துத்தான் நகர முடியும். தவிர, பெரிய வண்டியை விடாத சாலைகளும் உண்டு. மான்டானாவின் கிளேசியர் பூங்காவில் மலையைக் கடக்கும் கோயிங்-டு-தி-சன் சாலையின் நடுப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமுள்ள வண்டிக்கு அனுமதி இல்லை, அகலமும் கண்ணாடியோடு சேர்த்து 8 அடிக்குள் இருக்க வேண்டும். முன்பு சொன்ன 21 அடிக்கு ஒரு அங்குலம் குறைந்த வேன், கண்ணாடியை மடக்கிக்கொண்டு, பின்னால் சைக்கிள் தாங்கி எதுவும் மாட்டாமல் இருந்தால்தான் அங்கே நுழையப் பார்க்கலாம். 25 அடி சி வகைக்காரர் அதைக் கீழே நிறுத்திவிட்டு வேறு வண்டியில்தான் போக வேண்டும், அந்த வேறு வண்டிதான் பின்னால் கட்டி வந்த கார்.

நம் பக்கம் அந்த வேறு வண்டி நமக்கு முன்பே போய் நின்றுகொண்டிருக்கிறது. குமுளியில், வண்டிப்பெரியாற்றில், பீர்மேட்டில் எங்கே இறங்கினாலும் ஜீப் ஸ்டாண்ட் இருக்கும், ஓட்டுநர் பெரும்பாலும் தமிழிலேயே பேசுவார். கொழுக்குமலைக்கு நீங்கள் எந்தக் கார் கொண்டுபோனாலும் சூரியநெல்லியில் நிறுத்திவிட்டு ஜீப்தான் ஏற வேண்டும். அங்கே ஆல்டோவை இழுத்துப் போய் என்ன செய்வது? மோட்டார்ஹோமை ஒரு நல்ல இடத்தில் நிறுத்திவிட்டு, காலையில் ஜீப்காரரிடம் ரேட் பேசிவிட்டால் வேலை முடிந்தது. பின்னால் கார் கட்டுவதற்கு ஆகும் கம்பி, பிரேக், டயர் செலவை நினைத்தால் ஜீப் வாடகை எவ்வளவோ தேவலை.

ஸ்கூட்டர் ஒன்றைப் பின்னால் தொங்கவிட்டால் என்ன என்பார்கள். இது கொஞ்சம் பொருளுள்ள யோசனை, ஆனால் கணக்கு பார்க்க வேண்டும். ஸ்கூட்டர் 110 கிலோ, அதைத் தாங்கும் இரும்புச் சட்டம் 40 கிலோ, மொத்தம் 150. அது பின் அச்சிலிருந்து 2 மீட்டர் பின்னால் தொங்குகிறது, இரண்டு அச்சுகளுக்கும் இடையில் 4 மீட்டர் என்றால் பின் அச்சில் ஏறும் பாரம் 150 இல்லை, 225 கிலோ. முன் அச்சிலிருந்து 75 கிலோ குறைந்துவிடும். சீ-சா பலகைதான் இது. டுக்காட்டோ மாதிரி முன் சக்கரத்தில் இழுவை உள்ள வண்டி என்றால், மழை பெய்த மலை ஏற்றத்தில் முன் சக்கரம் வழுக்குவதற்கு அந்த 75 கிலோ குறைவதே போதும். பின் சக்கரத்தில் இழுவை உள்ள வண்டிக்கு அந்தப் பயம் இல்லை, ஆனால் பின் அச்சின் வரம்பைப் பார்த்தே ஆக வேண்டும். வால் நீளமும் இன்னும் கூடும், அதோடு வெளியே துருத்துகிற சட்டத்துக்கு அனுமதி இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. மடக்கு சைக்கிள் இரண்டை உள்ளே வைத்துக்கொள்வது எனக்குப் பிடித்த வழி. மலையில் மிதிக்க மூச்சு வாங்கும், சமவெளியில் டீக்கடைக்குப் போய்வர அது போதும்.

அமெரிக்காவுக்கே போய் மகனோடு சுற்றப் போகிறீர்கள் என்றால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஓரிடத்தில் எத்தனை ராத்திரி? தினமும் இடம் மாறுகிற பயணம் என்றால் 21 அடிக்குள் ஒரு வேனை எடுத்துக்கொண்டு கார் நினைப்பையே விட்டுவிடலாம், காலையில் எப்படியும் வீடு கிளம்பத்தான் போகிறது, போகிற வழியிலேயே பாலும் வாங்கிக்கொள்ளலாம். ஒரே இடத்தில் பத்து நாள், சுற்றிலும் தினம் ஒரு திசை என்றால் பெரிய வண்டியும் பின்னால் காரும் சரிதான், அல்லது மகனே காரைத் தனியாக ஓட்டிக்கொண்டு பின்னால் வரட்டும். கலிபோர்னியாவில் எதையாவது இழுத்துக்கொண்டு போகும் வண்டி மணிக்கு 55 மைலைத் தாண்டக் கூடாது என்பதால், தனியாக ஓட்டிவருகிறவர் உங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடுவார்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேலை. ஷோரூமுக்குப் போவதற்கு முன் டேப்பை எடுத்துக்கொண்டு உங்கள் தெருவை அளங்கள். மூலை திரும்புகிற இடத்தில் சாக்கடை மூடி எங்கே இருக்கிறது, யார் வீட்டுப் படிக்கட்டு தெருவில் நீட்டிக்கொண்டிருக்கிறது, குறுக்கே தொங்கும் கேபிள் ஒயர் தரையிலிருந்து எத்தனை அடி. உயரமான கூரை வேனில் மேலே ஏசியும் வைத்தால் 3 மீட்டருக்குப் பக்கத்தில் போகும், ஒயர் அதற்குக் கீழே இருந்தால் முதல் நாளே தெருவில் டிவி நின்றுவிடும்.